பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்

மேடையில் ஏழு நாற்காலிகள் கிடந்தன. காலை எட்டரை மணியிலிருந்து ஷாமிலா அவற்றை மூன்று தடவை இடம் மாற்றிவிட்டாள். ஏழும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே கடையில் வாங்கியவை. யார் எதில் உட்கார்ந்தாலும் முதுகு ஒரேமாதிரிதான் வலிக்கும். ஆனாலும் ஷாமிலா இடுப்பில் கைவைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, ஒரு நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பழையபடி முன்னுக்குத் தள்ளினாள்.

"அரை அடி பின்னுக்குப் போனா என்னா ஆகிரும்?" என்று கேட்டாள் நிலக்ஷி. மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய பாராட்டு விழா அவளுக்குத்தான்.

"ஒனக்கு என்னாடி தெரியும்? போன வருஷம் விளையாட்டுப் போட்டியில றோலண்ட் ஐயா நாற்காலி ஒரு சாண் பின்னுக்குப் போயிருச்சு. மூணு மாசம் ஸ்கூல் பக்கமே தலை வச்சுப் படுக்கல. வாங்கித் தாறேன்னு சொன்ன தண்ணித் தாங்கியும் வரல."

"எனக்கு நாற்காலியே வேணாம். ரெண்டு மணிக்கு நான் எழும்பிப் போகணும். அத மட்டும் மறந்துறாத."

"ஒம்பதரைக்குத் தொடங்குற கூட்டம். ரெண்டு மணிக்கு நீ சோறு தின்னு, ஒரு தூக்கம் போட்டுட்டே போகலாம்" என்றாள் ஷாமிலா. சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

பெல்கிரேன் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுப் பாடசாலையில் இருவரும் ஒன்பது வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருத்தி அதே பாடசாலையில் ஆசிரியை ஆனாள். அங்கே நடக்கும் எல்லா விழாவுக்கும் அவள்தான் அறிவிப்பாளர். மற்றவள் பொறியியல் படித்தாள். பிறகு வட ஐரோப்பாவில் கடலோர நகரம் ஒன்றில் இரண்டு வருடம் மேலே படித்தாள். போன வருடம் திரும்பி வந்தவள் கொழும்பில்கூடத் தங்காமல் நேராகத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே வந்துவிட்டாள். தோட்டத்தில் பலருக்கு இது விளங்கவில்லை. வெளிநாடு போன பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்த் திரும்பி வர வேண்டும். வேலையோடு திரும்பி வருவது ஒழுங்கான குடும்பத்துப் பிள்ளை செய்கிற காரியமா?

வேலை இருந்தது. ஆனால் அது ஒரு வருட ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்தக் கடலோர நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு குவாண்டம் கணினி இருக்கிறது. அதன் 'சிப்' எனும் சின்னச் சில்லில் பதினாறு கியூபிட்டுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பதினாறும் ஒன்றாக வேலைசெய்யும்போது சொன்னபடி கேட்கும்படி செய்து கொடுத்தால் ஒப்பந்தம் நிரந்தரமாகும், இங்கிருந்தபடியே வேலை பார்க்கலாம் என்பது பேச்சு. பதினைந்து கேட்டன. பதின்மூன்றாவது கேட்கவில்லை. இயந்திரத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய கடைசி நேரம் இன்றைக்குப் பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்றரை வரை. அதிலும் சரிவராவிட்டால் கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவு. அந்த வேலைக்கான கடிதம் வந்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

அப்படியானால் இப்படிப்பட்ட நாளில் பாராட்டு விழாவுக்கு ஏன் ஒப்புக்கொண்டாள் என்று கேட்கலாம். அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

லயத்தில் அவளுக்கு இணையத் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் பாடசாலைக் கணினி அறையில் ஒரு மூலையை அதிபர் சுதாகரன் அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். பதிலுக்கு அவள் வாரத்தில் இரண்டு நாள் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். அறையின் கதவில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்று, இணையத் தொடர்பை அன்பளிப்புச் செய்தவர் லிந்துலை டவுனில் இரும்புக்கடையும் பிரிட்ஜ் கடையும் வைத்திருக்கும் அகில இலங்கைச் சமாதான நீதவான் கணேசமூர்த்தி அவர்கள் என்றது. மற்றது, மின்சாரம் போனால் இரண்டு மணிநேரம் தாங்கும் பெட்டியை அன்பளிப்புச் செய்தவர் தோட்டத்தின் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர், அகில இலங்கைச் சமாதான நீதவான் றோலண்ட் அவர்கள் என்றது. இரண்டு பலகைகளும் ஒரே அளவு. ஷாமிலா அடிமட்டம் வைத்து அளந்து அடித்தவை. ஆக, நிலக்ஷி வேலைசெய்ய ஒருவருடைய இணைப்பு வேண்டும். மழை நாளில் மற்றவருடைய மின்சாரமும் வேண்டும்.

இருவரும் ஒரே வருடம், ஒரே மாதம், ஒரே நாளில் சமாதான நீதவான் என்னும் கௌரவப் பதவிக்குச் சத்தியப்பிரமாணம் எடுத்தவர்கள். யார் முதலில் எடுத்தார் என்பதில் இன்றுவரை தெளிவில்லை. சாட்சிகள் இரு பக்கமும் உண்டு. அன்றிலிருந்து சமாதானம் தவிர மற்ற எல்லாம் அவர்களுக்கிடையே நடந்து வருகிறது. கணேசமூர்த்தி ஐயா "நம்ம புள்ளைக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும்" என்று ஒரு கடையில் வைத்துச் சொல்ல, அதே பேச்சை றோலண்ட் ஐயா ஒரு மாதத்துக்கு முன்பே கோயில் கூட்டத்தில் சொல்லிவிட்டதாக நிரூபிக்க, இருவரும் சேர்ந்து எடுக்கும் விழாவாக அது முடிந்தது.

மேடைக்குப் பின்னால் பதாகை. அதில் பெரிதாகக் கணேசமூர்த்தி ஐயா, அதே பெரிதாக றோலண்ட் ஐயா. இருவர் தோளுக்கும் கீழே தபால் முத்திரை அளவில் நிலக்ஷி. 'குவாண்டம் கணினியைக் கட்டியாளும் மலையகக் காரிகை' என்று எழுத்து. நடுவில் தங்க நிறத்தில் அடுக்கடுக்காகத் தொங்கும் ஒரு பொருள். குவாண்டம் கணினியின் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் உள்ளே அப்படித்தான் இருக்கும், தங்கத் தட்டுகளும் குழாய்களுமாய். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தபோதுதான் அதில் பல்புகள் இருப்பது தெரிந்தது. டவுனில் பதாகை அடித்தவர் ஏதோ ஒரு கலியாண மண்டபத்தின் சரவிளக்கைப் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடிக்க நிலக்ஷிக்கே முழுதாக ஒரு நிமிடம் பிடித்தது. ஆகவே மற்றவர்களைக் குறைசொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கட்டியாள்வது என்பதும் பெரிய பேச்சு. கியூபிட் என்பது சில்லின் மேல் படிந்த மெல்லிய உலோகச் சுற்று. அண்டவெளியைவிடக் குளிரான பெட்டிக்குள் அது இருக்கிறது; அந்தக் குளிரில் அந்த உலோகத்துக்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒவ்வொரு கியூபிட்டுக்கும் ஒரு சுருதி, அதாவது அதற்கே உரிய அதிர்வெண், உண்டு. அந்தச் சுருதியில் நுண்ணலைத் துடிப்பு ஒன்றைக் கம்பி வழியே அனுப்பினால் கியூபிட் தன் நிலையிலிருந்து திரும்பும். துடிப்பு கொஞ்சம் பலமாய்ப் போனால் கூடுதலாகத் திரும்பிவிடும். நேரம் எடுத்து மெதுவாய் அனுப்பினால், திரும்பி முடிப்பதற்குள் தான் எங்கே நின்றது என்பதையே மறந்துவிடும். சட்டென்று அடித்தால் தனக்கென்று உள்ள கீழ்ப்படி, மேல்படி இரண்டையும் விட்டுவிட்டு, யாரும் கேட்காத மூன்றாம் படிக்குத் தாவிவிடும். ஆகவே துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அதெல்லாம் ஒரு வினாடியை ஐந்து கோடியாய் வெட்டினால் வரும் ஒரு துண்டுக்குள். இன்றைக்குச் சரியாக இருந்த அளவு நாளைக்கு இராது. திரும்பவும் முதலிலிருந்து. நிலக்ஷிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதைவிட, பன்னிரண்டு மணிக்குக் கணினியை மூடிவிட்டு வெளியே வந்தால் எதிர் மலையில் கொழுந்து பறிக்க நிரைபிடித்து நிற்கும் பெண்களுக்குள் அம்மாவின் தலை எதுவென்று தேடலாம் என்பதும் பிடித்திருந்தது.

பதின்மூன்றின் பிரச்சினை இதுதான். தனியே விட்டால் தங்கமான பிள்ளை. பக்கத்திலிருக்கும் பன்னிரண்டோடு சேர்த்துச் சோதித்தாலும் சரி. அந்தப் பக்கத்துப் பதினான்கோடும் சரி. பதினாறையும் ஒன்றாக இயக்கினால் கெட்டுவிடும். ஆய்வுக்கூடத் தலைவர் லார்ஸ் எழுதிய நாற்பது பக்கக் கைநூல் ஒன்று உண்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டின் சலசலப்பை மட்டும் கவனித்தால் போதும், நடுவில் ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் ஒன்றும் எட்டாது என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நிலக்ஷி மூன்று வாரமாகப் பன்னிரண்டையும் பதினான்கையும் துருவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்" என்று பின்னாலிருந்து அதிபரின் குரல் கேட்டது. அவர் நாற்காலிகளின் முதுகில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்துவிட்டு முகம் வெளிறி நின்றார். "என்னைய ஏன் இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டிருக்கீங்க? நான் வேணும்னா அந்தக் கடைசியில இருந்துக்கிறேனே."

"நீங்க கடைசியில இருந்தா நடுவுல செவரு யாரு சேர்?"

அதிபர் யோசித்தார். வேறு செவரு கிடைக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு இளநீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

ஒன்பதரைக் கூட்டத்துக்குப் பத்தே முக்காலுக்கு ஆட்கள் வந்தார்கள். பதினொன்றரைவரை பிரதம அதிதிக்காகக் காத்திருந்தார்கள். அவர் நானுஓயாவைத் தாண்டிவிட்டார் என்று மூன்று தடவை தொலைபேசியில் செய்தி வந்தது. நானுஓயா அவ்வளவு பெரிய ஊர் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கடைசியில் அவருடைய வாழ்த்துச் செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. மங்கல விளக்கை ஏற்றும்போது பன்னிரண்டேகால்.

அடுத்தது மாலை போடுதல். முந்தின நாள் ஷாமிலா இருவரையும் தனித்தனியே போய்ப் பார்த்திருந்தாள். "மாலையெல்லாம் என்னாத்துக்கும்மா, புள்ளைக்குப் போடுங்க" என்றார் கணேசமூர்த்தி ஐயா. "எனக்கு இந்த ஆடம்பரமெல்லாம் சரிப்படாது டீச்சர்" என்றார் றோலண்ட் ஐயா. தனியே இருக்கும்போது இருவரும் அவ்வளவு நல்ல மனிதர்கள். ஷாமிலா இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஒரே நீளத்தில் இரண்டு மாலை சொல்லிவிட்டு வந்தாள்.

கணேசமூர்த்தி ஐயாவின் பெயர் முதலில் அழைக்கப்பட்டது. அவர் எழுந்து கழுத்தை நீட்டினார். நிலக்ஷி ஏழாவது நாற்காலியில், கடைசியில் இருந்தாள். ஏதாவது நடந்தால் முதலில் அதிபருக்குத்தான் நடக்கும் என்று அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவர் அவர்தானே? அதிபர் அசையவில்லை. கைகளை முழங்காலில் வைத்து, பல்வைத்தியர் அறைக்கு வெளியே இருப்பவர்போலப் புன்னகையோடு இருந்தார். ஆட்டம் அவரைத் தாண்டிப் போயிருந்தது. அவருக்கு அந்தப் பக்கம் றோலண்ட் ஐயாவின் கை கோட்டின் பொத்தானுக்குப் போயிற்று. முழங்கால் துடித்தது. உடம்பு நாற்காலியைவிட்டு நாலு விரற்கடை மேலே எழும்பியது.

சரியாக மாலை கணேசமூர்த்தி ஐயாவின் கழுத்தைத் தொட்ட கணத்தில், ஷாமிலா ஒலிவாங்கியில் குரலைத் தாழ்த்தி, "நமது மதிப்புக்குரிய றோலண்ட் ஐயா அவர்களின் முன்னிலையில்" என்றாள்.

றோலண்ட் ஐயா உட்கார்ந்தார். முழங்கால் நின்றது. கணேசமூர்த்தி ஐயாவுக்கு அது காதில் விழுந்த மாதிரியே இல்லை. அவர் மாலையின் வாசனையில் இருந்தார்.

அடுத்த மாலை நிலக்ஷியின் நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. அதை எடுக்க ஷாமிலா குனிந்தபோது நிலக்ஷி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுலதான் சேர் இருக்காரே. அப்புறம் எப்புடிடி அங்க போகுது?"

"சேருக்கு அந்த வியாதி இல்லடி. அவரு மேல பட்டா ஒண்ணும் ஆகாது" என்று உதடு அசையாமல் சொன்னாள் ஷாமிலா. "ஒரே வியாதிக்காரங்க ரெண்டு பேரு எங்க இருந்தாலும், இவருக்குத் தும்மல் வந்தா அவருக்கு மூக்கு அரிக்கும். செவரு என்னா செய்யும்? விடு, மாலைய எடுக்கணும்."

"இரு. ஏன் சரியா அந்த நேரத்துல சொன்ன?"

"முன்னாடி சொன்னா எழும்பி வந்து கழுத்த நீட்டிருவாரு. பின்னாடி சொன்னா ஏறுனது எறங்காது. அது படுற நேரத்துல இது படணும். அதுவும் மெல்லமாத்தான். சத்தமாச் சொன்னா அங்கிட்டு இவருக்கு ஏறிரும். விடுடி, எல்லாரும் பாக்குறாங்க."

நிலக்ஷி விட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே கூட்டத்தைப் பார்த்தாள். ஆனால் கூட்டம் கண்ணில் விழவில்லை. சில்லைச் செய்தவர்கள் அடுத்தடுத்து இருப்பவற்றுக்குச் சுருதியை வேறாகத்தான் வைத்தார்கள்: ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, மறுபடி உயரம். ஆகவே பதினொன்றும் பதின்மூன்றும் உயரம். அது மட்டுமா? செய்யும்போது நேர்ந்த சின்னப் பிசகில் அந்த இரண்டும் மயிரிழை வித்தியாசத்தில் ஒரே சுருதியாக அமைந்துவிட்டன. அந்த எண்களை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். நடுவில்தான் பன்னிரண்டு இருக்கிறதே என்று நூறு தடவையும் தாண்டிப் போயிருக்கிறாள். பதினொன்றுக்கு அனுப்பும் துடிப்பின் கசிவு கம்பிகளுக்கிடையே எங்கோ தாவி, பன்னிரண்டைச் சட்டைசெய்யாமல் பதின்மூன்றின் காதில் விழுகிறது. பன்னிரண்டுக்கு அந்த வியாதி இல்லை.

அப்போது மணி பன்னிரண்டு நாற்பது. இரண்டு மணிவரை அவள் இந்த யோசனையை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கணேசமூர்த்தி ஐயா பேச எழுந்தார். "குவாண்டம் குவாண்டம்னு எல்லாரும் பயப்புடுறாங்க. பயப்புட ஒண்ணும் இல்ல. அதுக்கு மெயினா வேண்டியது குளிரு. நான் இருவது வருஷமா பிரிட்ஜ் விக்கிறேன். குளிரப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல" என்று தொடங்கினார். விஞ்ஞானம் கீழே இறங்கி வந்ததில் சபைக்குக் கொஞ்சம் நிம்மதி. "நம்ம புள்ளை அந்தக் குளிருக்குள்ள போயி, அணுவப் புடிச்சு, சொன்னதக் கேக்க வச்சிருக்கு."

"அந்தக் குளிருக்குள்ள போச்சா? ஸ்வெட்டர் போட்டுச்சா என்னான்னு கேளு" என்றது பின்வரிசையில் ஒரு பெண்குரல்.

"ஐயா கடை பிரிட்ஜா இருந்தா ஸ்வெட்டர் தேவையில்லடி" என்றது இன்னொன்று.

முப்பத்திரண்டு நிமிடம் பேசினார். அடுத்து அதிபர் நாலு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். பிறகு பிரதேச சபையிலிருந்து வந்தவர் தெரு விளக்குகளைப் பற்றிப் பேசினார். அது குவாண்டத்தோடு எப்படிச் சேர்கிறது என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. றோலண்ட் ஐயா ஒலிவாங்கிக்கு வந்தபோது ஒன்று நாற்பது. முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பேச்சைச் சுருக்குவதற்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருக்கலாம். முப்பத்திரண்டைத் தாண்டுவதற்கு என்பது உள்ளூருக்குத் தெரியும்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு நிலக்ஷி பையை எடுத்தாள்.

"எங்க போற?" என்று ஷாமிலா பல்லுக்குள் கேட்டாள். "இப்ப எழும்புனியோ, நீ கணேசமூர்த்தி ஐயா ஆளுன்னு முத்திரை குத்திருவாரு. அந்தக் கரண்டுப் பெட்டிய நாளைக்கே கழட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"இன்னைக்கு விட்டா நான் கொழும்புக்குத்தான்டி போகணும். பேங்க் வேலைக்கு. கடிதாசி வந்துருச்சு."

ஷாமிலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்தாள். றோலண்ட் ஐயா மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் மிகுந்த மரியாதையோடு முன்னால் போய் நீட்டினாள். "ஐயா தண்ணி குடிக்கட்டும், ஒரு பலத்த கைதட்டுக் குடுப்போமா?" என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். கைதட்டு வந்தது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கும் மனிதருக்குக் கூரைதான் தெரியும். நிலக்ஷி மேடையின் பக்கப் படியில் இறங்கிவிட்டாள்.

கணினி அறையில் வழக்கம்போலக் கரும்பலகை வெண்கட்டி வாசனை. இணைப்பு கிடைத்தது, இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு இயந்திரம் அவளுக்குக் கதவு திறந்தது. லார்ஸின் கைநூலை மூடினாள். பதினொன்றையும் பதின்மூன்றையும் தவிர மற்ற எல்லாவற்றையும் சும்மா இருக்கச் சொன்னாள். பதின்மூன்றை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பதினொன்றுக்குத் துடிப்பை அனுப்பினாள். ஒரு தடவை, நூறு தடவை, ஆயிரம் தடவை.

பதின்மூன்று துடித்தது. தன்னை யாரும் அழைக்காதபோதே கழுத்தை நீட்டி எழும்பியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரம்! பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். பதினொன்றுக்குத் துடிப்புப் போகும் அதே கணத்தில் பதின்மூன்றின் கம்பியில் ஒரு சின்ன எதிர்த்துடிப்பு. எவ்வளவு சின்னது? முதலில் பெரிதாக வைத்தாள். பதின்மூன்று மறுபக்கம் சாய்ந்தது. பாதியாக்கினாள். அதிலும் பாதி. நேரத்தை ஒரு நூல் முன்னே தள்ளினாள், மோசம். பின்னே இழுத்தாள், கொஞ்சம் அடங்கியது. இன்னும் ஒரு நூல். பதினொன்றுக்குத் துடிப்புப் போவதே தெரியாததுபோலப் பதின்மூன்று அமைதியானபோது மணி இரண்டு ஐம்பது. பதினாறையும் ஒன்றாக இயக்கும் முழுச் சோதனைக்கு முப்பது நிமிடம் வேண்டும். விட்டாள். திரையில் முதல் புள்ளி விழுந்தது.

அந்த நேரத்தில் வெளியே ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொன்னது. பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்துவிட்டது. "விழா நாயகியை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்றாள் ஷாமிலா. கொஞ்சம் பொறுத்து, "மிகவும் அன்போடு" என்றாள். நிலக்ஷி கதவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். இணைப்பு அறுந்தால் அதே கணத்தில் திரும்பச் சேர்த்துவிட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பதின்மூன்றின் கோடு இதுவரை நேராகப் போகிறது. ஆனால் அது இதற்கு முன்னும் பத்துப் புள்ளிவரை நேராகப் போய்விட்டுத்தான் சரிந்திருக்கிறது.

"விழா நாயகியின் சார்பில்" என்று ஷாமிலாவின் குரல் சட்டென்று தெளிந்தது, "அவரது தாயார் திருமதி சண்முகவடிவு அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

அம்மா காலையில் மலைக்குப் போய், அரைநாள் கூலிக்கு அரைப்பேர் மட்டும் போட்டுக்கொண்டு, முகம் கழுவிச் சேலை மாற்றி, மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மேடையேறும் சத்தம் கேட்டது. பொன்னாடையின் ஒரு முனையைக் கணேசமூர்த்தி ஐயாவும் மறுமுனையை றோலண்ட் ஐயாவும் பிடித்துக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. ஒரே துணி, இரண்டு முனை, ஒரே நேரம். ஷாமிலா இதையும் முன்பே யோசித்திருக்கிறாள்.

"அம்மா ரெண்டு வார்த்தை பேசணும். மகள் என்னா வேலை செய்றாங்கன்னு நீங்களே சொல்லுங்களேன்."

ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நிலக்ஷி விரலைக் கடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் அம்மா. "மக ரூமுல வேலையா இருக்கு. கோவிச்சுக்காதீங்க. ஐயாமாரு பேசுனதெல்லாம் கேட்டேன். எனக்கு அவ்வளவு தெரியாது. மக என்கிட்ட சொன்னதச் சொல்றேன். ரொம்பக் குளிருல சின்னச் சின்னதா பதினாறு இருக்காம். மக இங்கேருந்து 'திரும்பு'ன்னு சொல்லுமாம். திரும்புச்சா, அளவாத் திரும்புச்சா, கூடத் திரும்பிருச்சா, இதுக்குச் சொன்னது அதுக்கும் கேட்ருச்சான்னு பாக்குமாம். பாத்துட்டு மறுபடி சொல்லுமாம். நேத்துச் சொன்ன அளவு இன்னைக்குச் சரிவராதாம். ஒவ்வொரு நாளும் மொதல்லேருந்து. அதான் வேலை. இந்த மிசினக் கண்டுபுடிச்சது வேற ஆளுங்க. இது கண்டுபுடிக்கல."

ஒருவர் மட்டும் கைதட்டத் தொடங்கி, தனியாக இருப்பதை உணர்ந்து நிறுத்தினார்.

"அவ்வளவுதான்" என்றாள் அம்மா. "அந்தப் பக்கம் டீ வச்சிருக்காங்க. எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க."

இப்போது கைதட்டு உண்மையிலேயே பெரிதாக வந்தது. பேச்சுக்கா, தேநீருக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கணினி அறையில் நிலக்ஷி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தின் இணையத்தளத்தில் இதே விஷயத்துக்கு ஆறு பந்தி எழுதியிருக்கிறார்கள். அதில் 'கூடத் திரும்பிருச்சா' என்பது எங்கும் இல்லை. திரையில் பதினொன்றாம் புள்ளி விழுந்தது, பன்னிரண்டாவது விழுந்தது. பதின்மூன்றின் கோடு சரியவில்லை. மற்றப் பதினைந்தோடும் சேர்ந்து, தோளோடு தோளாக, யாரும் கவனிக்கத் தேவையில்லாத ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இருபதாம் புள்ளியில் அவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். நாற்பதோடு சோதனை முடிந்தது. மணி மூன்று இருபத்தொன்று.

முடிவுகளை அனுப்பிய ஆறாவது நிமிடத்தில் லார்ஸிடமிருந்து பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் பற்றி அதில் ஒரு வரிதான்: 'அடுத்த மாத நேரப் பட்டியலைத் திங்கட்கிழமை சேர்ந்து போடுவோம்.' அதற்கு மேலே ஒரு கேள்வி: 'பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் பன்னிரண்டு இருக்கிறதே. தாண்டிப் பார்க்க வேண்டுமென்று உனக்கு எப்படித் தோன்றியது?'

அவள் பதில் எழுதும் பெட்டியைத் திறந்தாள். 'எங்கள் பாடசாலையில் இன்றைக்கு ஒரு விழா' என்று எழுதினாள். அழித்தாள். 'எங்கள் ஊரில் இரண்டு சமாதான நீதவான்கள்' என்று எழுதினாள். அதையும் அழித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முற்றத்தில் குழுப்படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். டவுன் ஸ்டூடியோவிலிருந்து வந்த திலக்ஷன் கெமராவை உயர்த்தினான். கணேசமூர்த்தி ஐயா அரை அடி முன்னுக்கு வந்தார். அதிபரைத் தாண்டி அதைப் பார்த்த றோலண்ட் ஐயா முக்கால் அடி முன்னுக்கு வந்தார். அதிபர் இருந்த இடத்திலேயே, அதே புன்னகையோடு, எதையும் தடுக்காத சுவராக நின்றார். "ஐயா, கொஞ்சம் பின்னுக்கு" என்றான் திலக்ஷன். கணேசமூர்த்தி ஐயா தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு எட்டு முன்னுக்கு வைத்தார். றோலண்ட் ஐயா ஒன்றரை. இனிச் சொல்லிப் பயனில்லை என்று திலக்ஷன்தான் பின்னுக்குப் போனான். கரப்பந்து மைதானத்தின் கோட்டைத் தாண்டினான். மூன்று கல்படிகளை முதுகால் இறங்கினான். தூறல் தொடங்கியிருந்தது. அவன் தேயிலையின் முதல் நிரைக்குள் இடுப்பளவு இறங்கி நின்று, கெமராவின் கண்ணைச் சட்டையில் துடைத்து, மறுபடி உயர்த்தினான். இரண்டு ஐயாமாரும் கல்படியின் விளிம்புவரை வந்திருந்தார்கள்.